பட்ஜெட் கம்ப்யூட்டர்: பேரம் மட்டும் தெரிந்தால் போதாது

விளையாட்டுக்கென்றே கம்ப்யூட்டர் கட்டும் இளைஞர்களுக்கு ஒவ்வொரு பாகமும் ஒரு பொறி

தில்லி நேரு பிளேஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து நாலடி வைப்பதற்குள் தரகர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். லேப்டாப் வேண்டுமா, ரிப்பேரா, பிரிண்டர் மையா? தோளில் பையும் கையில் பட்டியலுமாக வரும் கல்லூரி மாணவர்கள் மட்டும் பிடி கொடுக்காமல் நழுவுகிறார்கள். பட்டியலில் எட்டு உருப்படிகள்: பிராசஸர், மதர்போர்டு, மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினட், மானிட்டர். பணம் பெரும்பாலும் அப்பாவுடையது. இன்னொரு தடவை கிடைக்காது.

மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, கொல்கத்தா சாந்தினி சௌக் எங்கும் இதே காட்சிதான். 50,000 அல்லது 60,000 ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும். அதிலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

பணம் முதலில் வீணாவது பெயரில். ‘ஐ7 கேமிங் கம்ப்யூட்டர், இருபதாயிரம் சொச்சம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பல சமயம் 2011இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ7. ஏதோ ஒரு அலுவலகத்தில் பத்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றது. அதைக் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கொண்ட கேபினட்டில் உட்கார வைத்ததும் மாப்பிள்ளைக் களை வந்துவிடுகிறது. 2022இல் வந்த ஐ3-12100எஃப்புக்கும் அதே நான்கு கோர்தான். ஆனால் ஓட்டத்தில் தாத்தாவால் பேரனை நெருங்க முடியாது. ஆக, பார்க்க வேண்டியது 3, 5, 7 என்ற எண்ணை அல்ல. அதன் பின்னால் வரும் தலைமுறை எண்ணை. கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் வசதி கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் படமே வராது. இதைச் சொல்லாமலே விற்கும் கடைகள் உண்டு.

எதை விளையாடப்போகிறோம் என்ற கேள்வியைப் பலர் கடைசியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். வேலரன்ட் மட்டுமே போதும் என்பவருக்குத் தனிக் கார்டே தேவையில்லை. கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரே சமாளித்துவிடும். பணம் சேரும்போது கார்டு வாங்கிக்கொள்ளலாம். புதிய பிரம்மாண்ட விளையாட்டுகள்தான் வேண்டும் என்றால் கதையே வேறு. மானிட்டர் போக மிஞ்சும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

அங்கேயும் மலிவு ஏமாற்றும். 2022 ஜனவரியில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்டி நல்ல உதாரணம். மதர்போர்டுடன் பேச அதற்கு நான்கே தடங்கள், நினைவகம் 4 ஜி.பி. பி.சி.ஐ.இ. 3.0 ரகப் பழைய போர்டில் செருகினால் அந்தத் தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். ஆனால் பழைய போர்டு வைத்திருப்பவர்தானே மலிவான கார்டைத் தேடுவார்! அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021இல் வந்த ஆர்.எக்ஸ். 6600க்கு 8 ஜி.பி. நினைவகம், 132 வாட் பசி. கொஞ்சம் கூடக் கொடுத்து இதை வாங்கியவர்கள் வருத்தப்படவில்லை.

பழைய கார்டு வாங்குவது தனிக் கலை. எதீரியம் நாணயத்தைத் தோண்டுவதற்காக உலகெங்கும் கார்டுகள் அள்ளப்பட்டதால் 2021இல் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையையே கைவிட, வேலை இழந்த கார்டுகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாமே குப்பை அல்ல. விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதிப் புதிய பெயர் காட்ட வைக்கும் கில்லாடிகள் இருக்கிறார்கள். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் இந்த வேஷத்தைப் பெரும்பாலும் கலைத்துவிடும். அதை ஓட்டிக் காட்டத் தயங்கும் கடையில் நிற்க வேண்டாம்.

எல்லாக் கணக்கையும் குலைத்தது மெமரி. செயற்கை அறிவுக்கான டேட்டா சென்டர்கள் சிப்புகளை விழுங்கத் தொடங்கியதில், 2025 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் பல ரக மெமரி விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. 2022இல் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 மதர்போர்டுகள் டிடிஆர்5 மெமரியை மட்டுமே ஏற்கும். பிற்காலத்தில் பிராசஸரை மாற்ற வழி உண்டு. பழைய ஏ.எம்.4க்கு டிடிஆர்4 போதும். ஆனால் வளர இடமில்லை. வீட்டில் பழைய டிடிஆர்4 மெமரி இருப்பவருக்கு இன்னமும் ஏ.எம்.4தான் லாபம். எந்த வகையானாலும் 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி.யாக வாங்கினால் வேகம் கூடும். கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய பிராசஸருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அலுவலகங்கள் கழித்துக் கட்டிய பிராண்டட் கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகி ஒப்பேற்றுபவர்களும் உண்டு. முன்பு அது நல்ல யோசனை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துபோனது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 11இல் வேலரன்டும் டி.பி.எம். 2.0 இல்லாமல் ஓடாது. போதாக்குறைக்கு, இவற்றில் பலவற்றின் பவர் சப்ளை இணைப்பு தனி ரகம். கடையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது.

பவர் சப்ளையில்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். கேபினட்டுடன் இலவசமாக வரும் பெட்டியில் ‘500 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். அச்சிடக் காசா பணமா? மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் அது வெடித்தால் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் சான்று பெற்ற, பெயர் தெரிந்த 550 வாட் சப்ளை இந்தப் பட்ஜெட்டுக்குத் தாராளம். வண்ண விளக்குகளை வெட்டினாலே அதற்கான பணம் கிடைத்துவிடும்.

பேரம் முடிந்ததும் வரும் கடைசிக் கேள்வி: “பில் வேண்டுமா?” வேண்டாமென்றால் விலை குறையும். உத்தரவாதமும் குறையும். பெட்டியில்லாமல் ‘டிரே’யாக வரும் பிராசஸருக்குக் கடைக்காரரின் வாக்குதான் வாரன்டி. சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான், மூன்று வருட வாரன்டி உள்ள கார்டு இரண்டாவது வருடத்தில் படுத்தாலும் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்க முடியும்.