சென்னைக்குப் புறப்படும் முன் பாலிசியைப் பாருங்கள்

அந்தமானில் மருத்துவக் காப்பீடு எடுப்பவர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது, பெரிய சிகிச்சை பலருக்கும் கடல் கடந்தே கிடைக்கிறது என்பதாகும். ஸ்ரீ விஜயபுரம் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்லும் நோயாளிகள் பலர்.

கிளைக்கு வருவோர் காப்பீட்டுத் தொகையைக் கேட்கின்றனர். அறை வாடகை வரம்பைக் கேட்பவர் அரிது. 5 லட்ச ரூபாய் பாலிசியில் நாள் வாடகை வரம்பு 1 விழுக்காடு எனில், அது ரூ.5,000. ரூ.10,000 அறையில் தங்கினால் கூடுதல் வாடகை மட்டுமே நம் பொறுப்பு என எண்ணுகிறோம். அவ்வாறன்று. இத்தகைய பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் முதலியனவும் அதே விகிதத்தில் பாதியாகக் குறையலாம். அவை ரூ.1,20,000 எனில், ரூ.60,000 நம் கையிலிருந்து போகும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகளுக்கு இக்குறைப்பு இல்லை.

சில பாலிசிகளில் பிரீமியம் ஊருக்கேற்ப மாறும். குறைந்த பிரீமியம் செலுத்தியவர் பெருநகரில் சிகிச்சை பெற்றால், செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்க நேரிடும். தீவுவாசிகளுக்கு இதுவே பெரிய கண்ணி என்பது என் கருத்து. சாதாரண விமானக் கட்டணமும் பொதுவாகச் சேராது.

இவற்றைப் பாலிசியுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளில் காணலாம். உள்ளூர் மொழியிலும் கேட்டுப் பெறலாம். புதிய பாலிசி பொருந்தவில்லையெனில் 30 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையெனில், தீவுகளுக்குரிய கொல்கத்தா காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை.