பழைய பின்பால் எந்திரங்களின் கணினி மறுவாக்கங்கள்

பின்பால் என்பது, கண்ணாடியால் மூடப்பட்ட சாய்வான மேசையில் உருளும் எஃகுக் குண்டை, ஃபிளிப்பர் எனப்படும் சிறு துடுப்புகளால் தட்டிப் புள்ளிகள் சேர்க்கும் ஆட்டமாகும். முன்பு தயாரிக்கப்பட்ட ஓர் எந்திரத்தை அதே அமைப்பு, ஒலி, விதிகளுடன் கணினியிலோ கைப்பேசியிலோ மீண்டும் உருவாக்குவது கணினி மறுவாக்கம் எனப்படும். புதிதாகக் கற்பனை செய்யப்பட்ட பின்பால் விளையாட்டுகள் இதில் அடங்கா.

பின்னணி

ஃபிளிப்பர்கள் பொருத்தப்பட்ட முதல் பின்பால் எந்திரம், அமெரிக்காவின் காட்லீப் நிறுவனம் 1947-இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' ஆகும். 1992-இல் வெளிவந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 எண்ணிக்கையில் விற்றது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே இத்தொழில் நலிந்தது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் தன் பின்பால் பிரிவை மூடியது. எஞ்சியுள்ள எந்திரங்களில் ரப்பர் வளையங்கள் தேய்கின்றன. மின்காந்தச் சுருள்கள் கருகுகின்றன. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகின்றனர். எனவே பலருக்கு இவற்றை ஆடிப்பார்க்கும் வழி மறுவாக்கமே.

செயல்படும் விதம்

மறுவாக்கத்தில் இரு வேலைகள் உள்ளன. முதலாவது, விதிகளை மீட்பது. 1970-களின் பிற்பகுதி முதல் வந்த மின்னணு எந்திரங்களில் விதிகள், ஒலி, விளக்குகளின் இயக்கம் ஆகியவை நினைவகச் சில்லுகளில் நிரலாகப் பதியப்பட்டிருந்தன. 'பின்மேம்' என்னும் மென்பொருள் அந்த மூல நிரலையே கணினியில் இயக்குகிறது. அதற்கு முந்தைய எந்திரங்களில் நிரல் இல்லை. கம்பிகளும் மின்விசைத் தொடுப்பிகளும் மட்டுமே இருந்தன. அவற்றின் விதிகளை மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டாவது, குண்டின் ஓட்டத்தைக் கணக்கிடுவது. ஏறத்தாழ 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட குண்டு, சுமார் 6.5 பாகைச் சாய்வில் உருள்கிறது. அதன் வேகம், சுழற்சி, ரப்பரில் மோதித் திரும்பும் கோணம் ஆகியவற்றை ஒவ்வொரு நொடியிலும் பல நூறு தடவை கணக்கிட வேண்டும். நிரலை அப்படியே இயக்கலாம். பொருள்களின் இயல்பைத் தோராயமாகவே காட்ட முடியும். எந்திரத்தை இடுப்பால் இடித்துக் குண்டைத் திருப்பும் பழக்கம், திரையில் ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது.

உரிமச் சிக்கல்

ஃபார்சைட் ஸ்டுடியோஸ் நிறுவனத்தின் 'தி பின்பால் ஆர்கேட்' 2012-இல் வெளியானது. திரைப்படங்களையும் தொடர்களையும் தழுவிய எந்திரங்களுக்கு, அவற்றின் பெயர், இசை, நடிகர்களின் உருவம் எனத் தனித்தனி அனுமதிகள் தேவை. 'ட்வைலைட் சோன்' எந்திரத்தை மறுவாக்குவதற்கான நிதி, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் திரட்டப்பட்டது.

2018 ஜூன் இறுதியில் வில்லியம்ஸ், பாலி எந்திரங்களுக்கான உரிமம் ஃபார்சைட்டிடமிருந்து நீங்கியது. ஏறத்தாழ 60 மேசைகள் விற்பனையிலிருந்து மறைந்தன. முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட முடிந்தது. புதியவர்களுக்குக் கதவு மூடியது. அதே ஆண்டு அக்டோபரில், உரிமம் பெற்ற ஹங்கேரியின் ஜென் ஸ்டுடியோஸ், 'பின்பால் எஃப்எக்ஸ்3' வழியாக அவற்றுள் சிலவற்றைப் புதிதாக உருவாக்கி வெளியிடத் தொடங்கியது. ஒருமுறை செய்துமுடித்த உழைப்பையே மற்றொருவர் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு மாறாக, ராண்டி டேவிஸ் உருவாக்கிய 'விஷுவல் பின்பால்' இலவச மென்பொருளாகும். பின்னர் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. ஆர்வலர்கள் தாங்களே மேசைகளை உருவாக்கிப் பகிர்கின்றனர். எனினும், படங்களுக்கும் மூல நிரல்களுக்கும் உள்ள பதிப்புரிமை இங்கும் நீங்கவில்லை.

முக்கியத்துவம்

எந்திரம் துருப்பிடித்தாலும், அதன் ஆட்ட விதிகளை மறுவாக்கம் காக்கிறது. ஆனால் விற்பனை உரிமத்தை மட்டும் நம்பியுள்ள மறுவாக்கம், உரிமம் முடியும் நாளில் தானும் எட்டாப் பொருளாகிவிடலாம்.