விண்டோஸை ஓட்டியதே ஓஎஸ்/2-வுக்கு வினையானது, தெரியுமா?

போட்டியாளரின் மென்பொருளையும் அருமையாக ஓட்டிக்காட்டியதால் ஓர் இயங்குதளம் அடிவாங்கியது என்றால் நம்புவீர்களா? 1992-ல் வந்த ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0 அப்படித்தான்! டாஸ் மென்பொருளா, விண்டோஸ் மென்பொருளா, எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஓடும். வாங்கியவருக்குக் கொண்டாட்டம். மென்பொருள் நிறுவனங்களோ வேறு கணக்குப் போட்டன: விண்டோஸுக்கு ஒன்று எழுதினால் இரண்டு பக்கமும் விற்கலாமே! பிறகு ஓஎஸ்/2-வுக்கென்று தனியாக யார் எழுதுவார்?

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. மென்பொருள் நிறுவனங்களை இழுக்கக் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியது. அப்படியும் ஓஎஸ்/2-வின் பிந்தைய பதிப்பான வார்ப்புக்கு, உச்சத்தில் இருந்தபோதுகூட, இருந்தவை சுமார் 2,500 மென்பொருள்கள்தான். விண்டோஸுக்கோ 70,000-க்கு மேல்! மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக எதிர்ப்பு வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் பதிவு செய்த எண்கள் இவை. மென்பொருள் இல்லை என்று ஆள் வருவதில்லை. ஆள் இல்லை என்று மென்பொருள் வருவதில்லை.

லினக்ஸுக்கும் இதே சுழல்தான். ஒரு மென்பொருளை அதற்கு மாற்றி எழுதுவதுதான் பெரிய செலவு என்றா நினைக்கிறீர்கள்? அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பம்! உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று ஒவ்வொன்றிலும் லைப்ரரிகளின் பதிப்பு வேறு. அத்தனையிலும் சோதிக்க வேண்டும், சிக்கல் என்று வாடிக்கையாளர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், அடுத்த அப்டேட்டில் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவருவதையே தொழிலாக்கிக்கொண்ட லோக்கி நிறுவனம் 1998-ல் தொடங்கி, குவேக் 3 வரை கொண்டுவந்தும், 2002-ல் மூடப்பட்டது.

அப்படியானால் லினக்ஸ் என்றாலே மென்பொருள் நிறுவனங்கள் ஓடிவிடுமா? இல்லவே இல்லை! டைட்டானிக் படக் காட்சிகளை ரெண்டர் செய்ய டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோ நூறு லினக்ஸ் கணினிகளுக்கு மேல் ஓட்டியது. சினிமா கிராஃபிக்ஸின் மாயா, ஹூடினி, நியூக் மூன்றும் லினக்ஸில் கிடைக்கின்றன. ஸ்டூடியோக்கள் லைசென்ஸை மொத்தமாக வாங்கும். ஒரே வகை லினக்ஸையே எல்லா இயந்திரத்திலும் வைத்திருக்கும். விற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொரு ஆச்சரியம்! 2018-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள் விண்டோஸ் கேம்களை லினக்ஸிலேயே ஓட்டியது; 2022-ல் வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் அதையே நம்பிச் சந்தைக்கு வந்தது. ஓஎஸ்/2-வைச் சாய்த்த அதே உத்தி! ஆனால் வால்வ், தனியாக எழுதித் தாருங்கள் என்று கேம் நிறுவனங்களை நம்பிக் காத்திருக்கவில்லை. கேம் விற்கும் ஸ்டீம் கடையும் அதனுடையதுதான்.

நீங்கள் லினக்ஸ்காரரா? மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதும்போது, எங்களுக்கும் வேண்டும் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எத்தனை லைசென்ஸ் வாங்குவீர்கள் என்றும் எழுதுங்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணைத்தான்.