ஆன்லைன் இன்டர்ன்ஷிப்: சேரும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

செமஸ்டர் தேர்வு முடியும் நேரத்தில் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: ‘ஒரு மாத ஆன்லைன் இன்டர்ன்ஷிப். இன்டர்வியூ கிடையாது. ஆஃபர் லெட்டர் உடனே. முடித்தால் சான்றிதழ்.’ ஒருவர் சேர்ந்தால் போதும், அந்த பெஞ்சே சேர்ந்துவிடும். ஒரு கால்குலேட்டர் செயலி, ஒரு லாகின் பக்கம், தன் பெயரில் ஓர் இணையப் பக்கம் என்று மூன்று ‘டாஸ்க்’ வரும். யூடியூப் பார்த்தே இரண்டு நாளில் முடித்துவிடலாம். மாதக் கடைசியில் சான்றிதழுக்கு மட்டும் சில நூறு ரூபாய் கட்டச் சொல்வார்கள்.

பிறகு கேம்பஸ் இன்டர்வியூ வரும். ரெஸ்யூமைப் பார்த்தபடி ஒருவர் கேட்பார்: “இந்த இன்டர்ன்ஷிப்ல என்ன செஞ்சீங்க?” இதற்கு எப்படியும் பதில் சொல்லிவிடலாம். சிக்கல் அடுத்த கேள்வியில்தான்: “உங்க வேலையை யார் பார்த்தாங்க? என்ன திருத்தம் சொன்னாங்க?”

ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பால் பயன் உண்டா, இல்லையா என்பதற்கான விடையும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஏன் இத்தனை பேர் சேர்கிறார்கள்?

பொறியியல் மாணவர்கள் படிப்புக் காலத்தில் மொத்தம் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ) கொள்கை சொல்கிறது. ஆனால், படிக்கும் எல்லோருக்கும் இடம் கொடுத்து, பக்கத்தில் ஆள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நிறுவனங்கள் இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் அலுவலகங்கள் வீட்டுக்கு வந்தபோது, இன்டர்ன்ஷிப்பும் லேப்டாப்புக்குள் வந்துவிட்டது.

இதில் நன்மையும் இருக்கிறது. தேனியிலோ பெரம்பலூரிலோ இருக்கும் ஒரு மாணவி இரண்டு மாதம் சென்னையில் தங்கினால் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் என்று கைக்காசுதான் கரையும். ஸ்டைபண்டு இல்லாவிட்டால் வீட்டில் அனுப்பவே யோசிப்பார்கள். ஆன்லைனில் அந்தத் தடை இல்லை.

எல்லாம் ஒன்றா?

இல்லை. ‘ஆன்லைன் இன்டர்ன்ஷிப்’ என்ற ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, நிஜ வேலை. நிறுவனத்தின் அல்லது ஆய்வுக் குழுவின் உண்மையான வேலையில் ஒரு சிறு பகுதியை மாணவரிடம் தருவார்கள். வழிகாட்டி ஒருவர் இருப்பார்.

இரண்டாவது, மாதிரி வேலை. ஃபோரேஜ் போன்ற தளங்களில் பெரிய நிறுவனங்களின் பெயரில் மாதிரிப் பணிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் துறையில் என்னதான் செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. ஆனால் அந்த நிறுவனத்தில் யாரும் நம்மை வேலைக்கு எடுக்கவில்லை. ரெஸ்யூமில் ‘ஜாப் சிமுலேஷன்’ என்றே எழுதுவதுதான் சரி.

மூன்றாவது, சான்றிதழ் விற்பனை. மேலே சொன்ன வாட்ஸ்அப் கதை இந்த வகை.

கற்றலில் என்ன மாறும்?

கல்லூரி லேபில் அவுட்புட் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடலாம். வேலையிடத்தில் அவுட்புட் வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். ‘இந்த ஃபைல் இல்லைன்னா என்ன ஆகும்?’, ‘பத்தாயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தா தாங்குமா?’ என்று குறிப்புகளோடு நிரல் திரும்பி வரும். திருத்தி அனுப்பினால் மறுபடியும் வரும். மூன்றாவது முறை ஏற்றுக்கொள்ளப்படும்போது, மாணவர் நிரலோடு சேர்த்து ஒரு தொழில் பழக்கத்தையும் கற்றிருப்பார்.

இந்தத் திருத்தம் ஆன்லைனிலும் நடக்கும். தெளிவாக மெயில் எழுதுவது, சொன்ன தேதியில் முடிப்பது, சிக்கிக்கொண்டால் ஒளிக்காமல் கேட்பது எல்லாம் கூடவே வந்துவிடும்.

ஆனால் எல்லாமே திரை வழியாக வராது. சீனியர் ஒருவர் பிழையைத் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, டீ குடிக்கும்போது காதில் விழும் தொழில் ரகசியம் இவை கிடைக்காது. மெக்கானிக்கல், சிவில், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் இழப்பு இன்னும் பெரிது. வரைபடத்தை வீட்டில் இருந்து வரையலாம். லேத் சத்தம் மாறுவதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க ஷாப் ஃப்ளோரில்தான் நிற்க வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

பணம் கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும். ‘பதிவுக் கட்டணம்’, ‘திரும்பத் தரப்படும் முன்பணம்’, ‘சான்றிதழ்க் கட்டணம்’ என்று பெயர் எதுவானாலும், வேலை வாங்குபவர் வேலை செய்பவரிடம் காசு கேட்பதில் நியாயம் இல்லை.

லோகோக்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘எம்.எஸ்.எம்.இ பதிவு பெற்றது’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் சுய அறிவிப்பின் பேரில் கிடைப்பது. பயிற்சியின் தரத்துக்கு அது சான்று அல்ல. பிரைவேட் லிமிடெட் என்று சொன்னால், கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அந்த நிறுவனத்துக்கு 21 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும்.

சேரும் முன் மூன்றே கேள்விகளை மெயிலில் கேட்கலாம்: என் வழிகாட்டி யார்? வாரத்துக்கு எத்தனை முறை பேசுவார்? நான் செய்யும் வேலையை யார் பயன்படுத்துவார்கள்? நேரடியான பதில் வராவிட்டால், அதுவே பதில்.

பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

எங்கே தேடலாம்?

கூகுள் 2005 முதல் நடத்தும் ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில் திறமூல மென்பொருள் குழுக்களுடன் வீட்டில் இருந்தே வேலை செய்யலாம். வழிகாட்டியும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. ‘அவுட்ரீச்சி’ திட்டமும் இதே போன்றது. ஐ.ஐ.டி பம்பாயின் ‘ஃபாஸீ’ குழு, கொடுத்த பணியைச் செய்து காட்டுபவர்களைக் கோடைகாலப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ-யின் இன்டர்ன்ஷிப் தளமும் இருக்கிறது. அங்கும் ஒவ்வொரு அறிவிப்பையும் மேலே சொன்ன மூன்று கேள்விகளோடுதான் பார்க்க வேண்டும்.

2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நிறுவனத்துக்கு நேரில் போய்ச் செய்வது. திட்டம் தொடங்கியபோது, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்று விதி இருந்தது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டால்?

வந்த டாஸ்க்கை வீணாக்க வேண்டாம். அதையே வீட்டுக்கோ, ஊருக்கோ பயன்படுகிற மாதிரி மாற்றலாம். கால்குலேட்டருக்குப் பதிலாகப் பக்கத்து மளிகைக் கடையின் கடன் நோட்டுக்கு ஒரு செயலி செய்து, கடைக்காரர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். “இது வேலைக்கு ஆகாது தம்பி, மொத்த பாக்கி எங்க காட்டுது?” என்று அவர் சொல்வதும் திருத்தம்தான். ஒவ்வொரு வாரமும் என்ன செய்தோம், எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தோம் என்று நாலு வரி எழுதிவைத்தால், இன்டர்வியூவில் அந்த இரண்டாவது கேள்வி வரும்போது பேசுவதற்கு விஷயம் இருக்கும்.