மலைப்பாதையும் பின் அச்சும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் அங்குச் செல்லும் பாதைகள் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தவை. வளைவில் திரும்பும் ஊர்தியின் சக்கரங்கள் ஒரே தொலைவைக் கடப்பதில்லை. இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.4 மீட்டர் எனக் கொள்வோம். ஊர்தி அரைவட்டமாகத் திரும்பி முடிப்பதற்குள், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 4.4 மீட்டர் கூடுதலாக உருளும். இவ்வேறுபாட்டிற்கு இடமளிப்பதே பின் அச்சின் நடுவிலுள்ள 'டிஃபரன்ஷியல்' என்னும் பல்சக்கரத் தொகுதியாகும்.

பின் அச்சின் பழுதை ஒலியே முதலில் உணர்த்தும். முடுக்கியை அழுத்தும்போது எழும் உறுமல், அதனை விட்டவுடன் மாறுமாயின் பினியனும் கிரவுன் சக்கரமும் தேய்ந்திருக்கலாம். வளைவுகளில் மட்டும் ஒலி எழுமாயின், டிஃபரன்ஷியலின் உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களை ஐயுறலாம். ஊர்தி புறப்படும் கணத்தில் 'டக்' என்னும் ஓசை கேட்பின், அச்சைப் பிரிப்பதற்குமுன் அதனோடு இணைந்த சுழல்தண்டின் மூட்டுகளைச் சோதித்தல் வேண்டும்.

மலைச்சிற்றூர்களில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில், ஓட்டுநரே நெம்புகோலை இயக்கி நான்கு சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்துவார். சேற்றில் உதவும் இவ்வமைப்பை உலர்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தினால், திருப்பம் இறுகிப் பற்சக்கரங்கள் திணறும். இது பழுதன்று, பயன்பாட்டில் நேர்ந்த பிழையாகும்.

புதிய ஊர்திகளில் இம்முடிவைக் கணினி மேற்கொள்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் உணரிகள் அளந்து கூற, தேவையானபோது பின் அச்சிற்கு விசை செல்கிறது. ஒரு டயர் மட்டும் மிகத் தேய்ந்திருந்தால் அதன் சுற்றளவு குறையும். அதனால் அது மிகுதியாகச் சுழலும். சக்கரம் வழுக்குவதாகக் கருதிக் கணினி ஏமாறக்கூடும். விசையை இணைக்கும் கிளட்சு சூடேறினால், தற்காப்பாகப் பின் அச்சிற்குச் செல்லும் விசை நிறுத்தப்படுவதும் உண்டு. எச்சரிக்கை விளக்கைப் பொருட்படுத்தாத ஓட்டுநர், மழை நனைத்த ஏற்றத்தில் முன்சக்கரங்கள் வழுக்கும்போதே அதனை உணர்வார்.

எனவே நான்கு டயர்களின் அளவு, தேய்மானம், காற்றழுத்தம் ஆகியவற்றை முதலில் ஒப்பிடுக. அடுத்து, உணரிகளில் சேறு படிந்துள்ளதா, கம்பிகள் அறுந்துள்ளனவா எனக் காண்க. பின்னர் எண்ணெயின் அளவையும் கசிவையும் நோக்குக. அச்சைப் பிரிப்பது இறுதிப் பணியே. பழுது வெளிப்படும் இடமும் பழுதின் மூலமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதனை உணர்ந்து செய்யும் ஆய்வு, வீண்செலவைத் தவிர்ப்பதோடு மலைப்பாதையில் உயிரையும் காக்கும்.