பிசிறும் பெருநெருப்பும்

நம் நாட்டில் துவைத்த துணிகளை உலர்த்தக் கதிரவனும் காற்றும் துணை நிற்கின்றன. கொடியில் விரித்த ஆடை சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுகின்றது. அமெரிக்க நாட்டின் பல பகுதிகளிலோ குளிர்காலம் நெடியது. பனி பெய்யும் நாள்களில் வெளியே துணி உலராது. ஆதலின், அந்நாட்டு இல்லங்கள் மிகப் பலவற்றில் துணி உலர்த்தும் பொறி இடம்பெற்றுள்ளது. அப்பொறியோடு ஓர் இடரும், அவ்விடரைத் தடுப்பதற்கென ஒரு தொழிலும் தோன்றியுள்ளன. அத்தொழில் யாது, அதனைக் கற்போர் எங்ஙனம் தேர்ச்சி பெறுகின்றனர் என்பவற்றை இங்குக் காண்போம்.

உலர்த்தும் பொறியின் அமைப்பு எளியது. அதனுள்ளே பெரிய உருளை ஒன்று சுழல்கின்றது. ஈரத் துணிகள் அதற்குள் புரண்டுகொண்டிருக்க, மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ சூடேறிய காற்று அவற்றினூடே பாய்கின்றது. ஈரத்தை ஏற்றுக்கொண்ட அக்காற்றை ஒரு விசிறி உந்தித் தள்ளுகின்றது. 4 அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய் ஒன்று அதனைச் சுவருக்கு அப்பால் கொண்டு சென்று வெளியே விடுகின்றது.

துணிகள் புரளும்போது நுண்ணிய நூற்பிசிறுகள் உதிர்கின்றன. பொறியிலுள்ள வலைத்தட்டு அவற்றுள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சியவை வலையைக் கடந்து குழாய்க்குள் புகுந்து, அதன் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்படிவு நாளடைவில் தடிக்கத் தடிக்கக் காற்றின் வழி குறுகும். முன்பு ஒரு மணி நேரத்தில் உலர்ந்த துணி, இரண்டு மணி நேரம் ஆகியும் உலராது. வெளியேற வேண்டிய வெப்பம் பொறிக்குள்ளேயே தங்கும். பஞ்சு எத்துணை எளிதில் தீப்பற்றும் என்பதை நாம் அறிவோம். விளக்குத் திரியும் பஞ்சினால் ஆனதன்றோ?

இவ்விடர் வெறும் அச்சமன்று. 2008 முதல் 2010 வரை நேர்ந்த தீவிபத்துகளை அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் ஆராய்ந்தது. குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் இப்பொறிகளால் நேர்ந்தன எனவும், அவற்றால் ஆண்டுக்கு 5 பேர் உயிரிழந்தனர், 100 பேர் காயமுற்றனர், 3.5 கோடி டாலர் மதிப்புள்ள உடைமைகள் அழிந்தன எனவும் அது மதிப்பிட்டது. தூய்மை செய்யத் தவறியதே முதன்மையான காரணமாகக் காணப்பட்டது. எரிவாயுப் பொறியில் மற்றோர் இடரும் உண்டு. குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வீட்டிற்குள்ளேயே பரவக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் அதனை உணர வழியே இல்லை.

ஆயின், குழாயைத் துடைக்க ஒரு தூரிகை போதாதோ, அதற்குப் பயிற்சியும் சான்றிதழும் எதற்கு என நீங்கள் வினவலாம். இதற்கு விடை காண, நாம் பழைய இங்கிலாந்திற்குச் செல்லுதல் வேண்டும். அங்கு வீடுகளின் புகைபோக்கிகளில் கரி படியும். அதனை நீக்காவிடின் தீப்பற்றும். குறுகிய அப்புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டச் சிறுவர்களை அனுப்பினர். சிலர் உள்ளே சிக்கி மூச்சடைத்து மாண்டனர். கரியின் தீங்கால் இத்தொழிலினர்க்குப் புற்றுநோய் உண்டாவதை, 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எடுத்துரைத்தார். சட்டங்கள் சில இயற்றப்பட்டும் கொடுமை ஓயவில்லை. 1875ஆம் ஆண்டில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன், கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் ஏறி உயிரிழந்தான். அவ்வாண்டிலேயே ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. புகைபோக்கி துலக்குவோர் காவல்துறையினரிடம் உரிமச் சான்று பெற்ற பின்னரே தொழில் செய்யலாம் என அது விதித்தது. சான்று என்பது வெறும் தாள் அன்று. ஓர் உயிரின் விலையாகக் கிடைத்த காவல் என்பது இதனால் விளங்கும்.

புகைபோக்கி துலக்குவோரின் மரபிலிருந்தே, உலர்த்தும் பொறியின் குழாயைத் தூய்மை செய்யும் இக்காலத் தொழிலும் வளர்ந்தது. அமெரிக்கப் புகைபோக்கிப் பாதுகாப்பு நிறுவனம் 1983ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இலாப நோக்கற்ற அந்நிறுவனம், இக்குழாய்த் தொழிலுக்கும் பயிற்சியளித்துச் சான்று வழங்குகின்றது. இஃது அரசு தரும் உரிமம் அன்று. தொழிலின் தரத்தைக் காக்கத் தொழிலினர் தாமே வகுத்துக்கொண்ட முறையாகும்.

பயில்வோர் முதலில் தீயின் இயல்பையும், காற்று ஓடும் முறையையும், பொறியின் அமைப்பையும் கற்கின்றனர். அடுத்துக் கட்டட விதிகளைக் கற்கின்றனர். அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் இல்லக் கட்டட விதித்தொகுப்பின்படி, பொறியைச் செய்தவர் வேறு அளவு குறித்திராவிடின், குழாயின் நீளம் 35 அடியை மிகலாகாது. குழாய் செங்கோணமாக வளையும் ஒவ்வோர் இடத்திற்கும் பொதுவாக 5 அடியைக் கழித்தல் வேண்டும். ஏனெனில், வளைவு காற்றின் விரைவைத் தடுக்கும். மூன்று வளைவுகள் இருப்பின் 20 அடியே எஞ்சும். குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். இணைப்புகளில் உள்ளே நீண்டு நிற்கும் திருகாணி முனை பிசிறைப் பற்றி அடைப்பை வளர்க்கும். வெளிவாயிலில் வலை பொருத்துவதும் தவறே. பறவையைத் தடுக்கும் அவ்வலை பிசிறையும் தடுத்துவிடும்.

இவற்றையெல்லாம் கற்றவர் தேர்வு எழுதித் தேறுதல் வேண்டும்; தொழில் ஒழுக்க நெறிகளைப் பின்பற்றுவதாக உறுதியும் அளித்தல் வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் மேலும் பயின்றோ மீண்டும் தேர்வெழுதியோ அதனைப் புதுப்பித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தேர்ந்த தொழிலாளர் ஒருவர் பணி செய்யும் முறையைப் பாருங்கள். வந்தவுடன் அவர் தூரிகையை எடுப்பதில்லை. முதலில் காற்று எவ்வளவு தடைப்படுகிறது என்பதைக் கருவியால் அளந்து குறித்துக்கொள்கின்றார். பொறியின் மின் இணைப்பைத் துண்டிக்கின்றார். எரிவாயுப் பொறியாயின் வாயுவின் அடைப்பானையும் மூடுகின்றார். பின்னர், வளையும் தண்டில் பொருத்திய தூரிகையைக் குழாயினுள் சுழலவிட்டுப் பிசிறைப் பெயர்க்கின்றார். உறிஞ்சு பொறி அதனை இழுத்துக்கொள்கின்றது. சில வேளைகளில் பறவைக் கூடும் வெளிப்படுவதுண்டு. இறுதியில் மீண்டும் அளக்கின்றார். முதல் அளவையும் இரண்டாம் அளவையும் ஒப்பிட்டு வீட்டினர்க்குக் காட்டுகின்றார். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் பொருத்தப்பட்டிருப்பின், துடைத்தல் மட்டும் போதாது, அதனை மாற்றியே ஆகவேண்டும் என்பதை மறையாமல் கூறுகின்றார்.

சுவருக்குள் மறைந்த குழாயை வீட்டினர் பார்த்ததில்லை. முழுவதும் துலக்கினாரா, பாதியில் விடுத்தாரா என்பதை அவர்கள் தாமாக அறியவும் இயலாது. காண்பார் இல்லாத இடத்திலும் குறைவின்றிச் செய்தலே அவரது கடமை. கற்ற அறிவு, குறை எங்கே உள்ளது என்பதை அவருக்குக் காட்டுகின்றது. ஏற்ற உறுதி, கண்ட குறையை விட்டுச் செல்லாதபடி அவரைத் தடுக்கின்றது. அன்றிரவு அவ்வீட்டில் குழந்தைகள் அமைதியாக உறங்குகின்றனர். தம்மைக் காத்தவர் யார் என்பதை அவர்கள் அறியார். அதனால் அத்தொழிலின் பெருமை குறைவதும் இல்லை.