மார்கழியில் ஒரு நாள் - டிசம்பர் 26

எங்கள் நாஞ்சில் நாட்டில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்! மார்கழி விடியற்காலையில் கோலம் போடப் போகும்போது தோளில் ஒரு துண்டு போதும். கம்பளி எல்லாம் வேண்டாம். ஆனாலும் எங்களுக்கு இது குளிர்தான். மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். வேளிமலை உச்சியில் மேகம் படுத்துக் கிடக்கும். வயலில் கும்பப்பூ பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். (மாசியில் அறுக்கிற பயிருக்குக் கும்பப்பூ என்று பெயர்; ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. நெல்லுக்கே 'பூ' என்று பெயர் வைத்த ஊர் வேறு எங்காவது உண்டோ?) நெல் இப்படிப் பூ ஆனாலும், நிஜப் பூவுக்குத்தான் இந்த மாதம் பஞ்சம். பனி இறங்கினால் பிச்சியும் மல்லிகையும் மொட்டு விடுவது குறைந்துவிடும். தோவாளைச் சந்தையில் விலை கேட்டால், தலையில் வைக்க வேண்டாம், சாமி படத்துக்கு ஒரு முழம் போதும் என்று தோன்றிவிடும்.

காலண்டரில் தேதி கிழிக்கிறபோது அந்தந்த நாளில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். சமையல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியும் வைப்பேன். அதில் டிசம்பர் 26-க்கு மட்டும் ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது.

காந்திஜிக்கு வைத்தியம் பார்த்தவரும், பிற்பாடு மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவருமான டாக்டர் சுசீலா நய்யார் பிறந்தது 1914-ல் இந்தத் தேதியில். தொழுநோயாளிகளுக்காகவே வாழ்ந்த பாபா ஆம்தேயும் அதே வருஷம், அதே நாள் பிறந்தவர்தான். நம் நடிகையர் திலகம் சாவித்திரி கண் மூடியது 1981-ல் இதே நாளில். 2019-ல் இதே நாளில் கங்கண சூரிய கிரகணம். எங்கள் தெருவில் பத்து மணி வரை யாரும் அடுப்பு மூட்டவில்லை. நான் மூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை!

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1898-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதிதான் மேரி கியூரியும் அவர் கணவரும் ரேடியம் என்ற புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்ததாகப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது அந்த அம்மாளுக்கு வீட்டில் ஒன்றே கால் வயதுக் குழந்தை. ஒழுகுகிற ஒரு கொட்டகைதான் ஆராய்ச்சிக்கூடம். மாவு அரைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற நமக்கெல்லாம் அவர் தூரத்து உறவு என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

இதற்கும் கன்னியாகுமரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது! அதே 1898-ல், தோரியத்திலிருந்தும் கதிர் வெளிப்படுகிறது என்று கண்டவர்களில் மேரி கியூரியும் ஒருவர். அந்தத் தோரியம் எங்கள் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலாகக் கொட்டிக் கிடக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து கப்பலில் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 'இது சாதாரண மணல் இல்லையே' என்று கண்டுபிடித்தார். மோனசைட் என்பது அதுதான். அந்தக் காலத்தில் காஸ் விளக்குக்கு மேண்டில் செய்யத் தோரியம் வேண்டும். கல்யாண வீட்டில் 'உஸ்' என்று எரிந்த பெட்ரோமாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளை வெளிச்சத்தில் இந்த வகை மணலுக்கும் பங்கு உண்டு.

இனி நம் ஊர் விசேஷங்களுக்கு வருவோம்.

விவேகானந்தர் 1892-ல் கன்னியாகுமரிக்கு வந்து, கடல் நடுவே உள்ள பாறையில் டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் தியானத்தில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பாறையில் நினைவு மண்டபம் திறந்தது 1970 செப்டம்பர் 2-ல். பக்கத்துப் பாறையில் நிற்கிற 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே அலை. எனக்குத் தலை சுற்றுகிறது, பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

இதே பருவத்தில்தான் சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா. திருவாதிரை நட்சத்திரக் கணக்கு என்பதால் தேதி முன்னே பின்னே வரும். பத்து நாள் உற்சவத்தில் எனக்குக் கண் கலங்குவது 'மக்கள்மார் சந்திப்பு' பார்க்கிறபோது. கோட்டாறு வலம்புரி விநாயகரும், வேளிமலை குமாரசுவாமியும் தாய் தகப்பனைப் பார்க்க ஊர்வலமாக வருவார்கள். வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மாமார் எல்லாம் கூட்டத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்கும்! ஒன்பதாம் நாள் தேர். பத்தாம் நாள் ஆருத்ரா தரிசனம். அன்று வீட்டில் களி. பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, கால் பங்கு பாசிப்பருப்பும் வறுத்துச் சேர்த்து, வெல்லப்பாகில் வேகவிட்டு, தேங்காய்த் துருவல், ஏலம், நெய் போட்டுக் கிளறுவது. அரிசி வறுபடும் வாசனை தெரு முனை வரைக்கும் வர வேண்டும்; வராவிட்டால் களி வெளுத்துப்போய்ப் பிசுபிசுக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒரு கரண்டியோடு கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் பலகாரம் வேறு வந்து குவிகிற நாட்கள் இவை. முந்திரிக்கொத்து என்று பெயர். உள்ளே முந்திரியும் இல்லை, திராட்சையும் இல்லை. வறுத்த பாசிப்பயறும் எள்ளும் தேங்காயும் வெல்லமும்தான். எங்கள் வீட்டுக்கு அது மணக்குடிப் பக்கத்திலிருந்து வரும். முப்பது வருஷமாக எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அக்காள் 24-ந் தேதியே கொடுத்துவிடுவாள். 26-ந் தேதி அவள் எங்கும் வருவதில்லை.

2004-ம் வருஷம் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. மாதா கோவில்களில் திருக்குடும்பத் திருநாள். ஞாயிறு என்பதால் கடலுக்குப் போகாத நாள். முந்தின நாள் கிறிஸ்துமஸ் வேறு. எல்லோரும் கரையில், வீட்டில். காலை 6 மணி 29 நிமிஷத்துக்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி நடுங்கியது. அந்த நேரம் கன்னியாகுமரியில் சுற்றுலா வந்தவர்கள் சூரிய உதயம் பார்க்கக் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணிக்குத்தான்!

தண்ணீர் நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரம்! அதற்குள் காலைப் பலகாரம் முடித்து, துணி துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பூசைக்கும் போய் வந்திருக்கலாம். கரையில் இருந்த பெண்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சொல்ல ஆள் இல்லை. இந்துமகா சமுத்திரத்துக்கு என்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அப்போது இல்லவே இல்லை. ஹைதராபாத்தில் அதற்கென்று நிலையம் வந்தது 2007-ல்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் போனார்கள். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி, கீழமணக்குடி. பழையாறு கடலில் விழுகிற இடத்தில் இரண்டு மணக்குடிகளையும் சேர்த்த பாலம் உடைந்து போயிற்று. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பேர் கரைக்கு வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். குளச்சல் பக்கம் நடந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. அலையைக் கண்டு உள்ளே ஓடியவர்களுக்குக் குறுக்கே ஏ.வி.எம். கால்வாய் கிடந்தது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப் பெயர். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், 1860-களில், படகு போக வெட்டியது. முன்னால் கால்வாய், பின்னால் கடல். பலர் அந்தக் கால்வாயில்தான் முடிந்தார்கள்.

அன்றைக்குக் கடல் முதலில் உள்வாங்கியது. கன்னியாகுமரியில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதே காலையில் தாய்லாந்தில் ஃபுக்கெட் கடற்கரையில் ஓர் ஆங்கிலேயச் சிறுமி, டில்லி ஸ்மித் என்று பெயர், பத்து வயது, கடல் நுரைப்பதைப் பார்த்து 'சுனாமி வரப்போகிறது' என்று அம்மாவிடம் பிடிவாதம் பிடித்தாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். கிட்டத்தட்ட நூறு பேர் பிழைத்தார்கள்.

இன்னொன்று, நாம் பாட்டிமாரிடம் சொல்ல வேண்டியது. சுமத்ராவுக்கு அருகில் சிமலூவே என்று ஒரு தீவு. பூகம்பம் நடந்த இடத்துக்கு வெகு பக்கம். சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அன்று இறந்தவர்கள் ஏழே பேர்! 1907-ல் அங்கே இதுபோல் ஓர் அலை வந்திருக்கிறது. அதை 'ஸ்மோங்' என்று சொல்லி, தாலாட்டிலும் கதையிலும் வைத்து, பாட்டி பேத்திக்குச் சொல்லி, பேத்தி தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நிலம் குலுங்கி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு, அவ்வளவுதான் பாடம். தொண்ணூற்றேழு வருஷம் அந்தத் தாலாட்டு காத்துக்கொண்டிருந்தது.

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கன்னியாகுமரி வருகிற சகோதரிகள் சங்கு, பாசிமணி வாங்கிக் கொடுப்பதோடு இதையும் சொல்லிக் கொடுங்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்ளே போனால் கிளிஞ்சல் பொறுக்க இறங்கக் கூடாது. மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். ஆறு, கால்வாய்க் கரையை ஒட்டி ஓடக் கூடாது. முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம். மேடு தூரமாக இருந்தால் உறுதியான மாடிக் கட்டிடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

மீன்கார அக்காளிடம் ஒரு தடவை கேட்டேன்: "அந்த நாளு வரும்போது என்ன செய்வீங்க அக்கா?"

"காலையில பூசை. அப்புறம் கல்லறைக்குப் போவோம் பிள்ளே, பூவும் மெழுகுதிரியும் கொண்டு. எங்க கொழுந்தன் வீட்டுல மூணு பேரு அங்கதான் கெடக்காவ. திரும்பி வந்து கஞ்சி குடிச்சிட்டு, பேரப்பிள்ளைகளை நடக்க வைப்பேன்."

"நடக்கவா? எங்கே?"

"வீட்டுல இருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும். வழி மறந்திரப்பிடாதுல்லா? மூத்தவ கையில வாட்ச் கட்டி விட்டிருக்கேன். அவதான் நேரம் பார்ப்பா."

முதல் வருஷம் பதினேழு நிமிஷம் ஆனதாம். பிறகு பதினொன்றுக்கு வந்துவிட்டது. போன வருஷம் மட்டும் சின்னவனுக்கு நடுவழியில் செருப்பு அறுந்துபோய்ப் பதினாலு ஆகிவிட்டது. "செருப்பைப் போட்டுட்டு ஓடணும்லே, கையில எடுத்துட்டு நிக்கப்பிடாது" என்று அவனை மறுபடியும் ஒரு தடவை நடக்க வைத்தாளாம்.